இரத்தம் பார்த்த எஞ்சின்

நகுலேஸ்வரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரின் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் மினிகாப் என்னும் வாடகைக்கார்க் கந்தோரில், எந்தக் கார் எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்று ஹெட்செட்டில் சொல்லிக்கொண்டிருப்பது அவள் வேலை. "தம்பி, அந்த மனிசி மழைக்குள்ள நிண்டுகொண்டிருக்கிறா" என்று அவள் மெல்லச் சொன்னால் போதும், சாரதிகள் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் பறப்பார்கள். முதலாளி தொண்டை கிழியக் கத்தினாலும் அவர்கள் அப்படி அசைவதில்லை.

அவளுக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டு நடந்தால் சட்டென்று தெரியாது. தெரிந்தவர்கள் அதைப் பற்றிக் கேட்பதில்லை. அவர்களுக்கெல்லாம் கதை முன்பே தெரியும். அந்தக் கதைதான் பொய். அவளுடைய வயிற்றெரிச்சல் முழுக்க அந்தப் பொய்யில் இருந்தது, போன காலில் இல்லை.

நடந்தது இதுதான். ஒன்பது வருடங்களுக்கு முன்பு, தெற்கு லண்டன் மோர்டனில் அவர்கள் வீட்டிலிருந்து புறப்பட்ட வெள்ளி நிற ஹொண்டாவை ஓட்டியவர் அவள் கணவர் ஜீவரத்தினம். ஒரு கையில் போன். பழைய மாணவர் சங்க விழாவுக்கு மண்டபம் பேசிக்கொண்டே சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் சந்திக்குள் விட்டார். குறுக்கே வந்த லொறி இடது பக்கக் கதவில் ஏறியது. அந்தக் கதவோரம் இருந்தவள் நகுலேஸ்வரி. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் ஜீவரத்தினம் ஊர் முழுக்க வேறு கதை சொல்லி முடித்திருந்தார். "அவதான் ஓட்டினவ. நான் சொல்லச் சொல்லக் கேக்காமல் சிவப்பில விட்டிட்டா." சங்கத் தலைவர் தேர்தல் வந்துகொண்டிருந்த நேரம் அது. மனைவியின் காலை முறித்தவருக்கு யார் வாக்குப் போடுவார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், சனமும் கேள்வி கேட்காமல் அந்தச் சோற்றைச் சாப்பிட்டது. இடது பக்கம் நசுங்கிய காரில் இடது கால் போனவள், வலது பக்க ஸ்டியரிங்கில் எப்படி இருந்திருப்பாள் என்று ஒரு மனிசரும் யோசிக்கவில்லை. பொலிசுக்கு உண்மை தெரியும், நீதிமன்றத்துக்குத் தெரியும். ஆனால் எங்கள் சனம் கதை கேட்க நீதிமன்றத்துக்குப் போவதில்லையே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிறகு ஜீவரத்தினம் சாத்திரம் பேசத் தொடங்கினார். இரத்தம் பார்த்த வாகனம் வீட்டு வாசலில் நிற்கக்கூடாது என்று காரைத் திருத்தி விற்றார். அதில் அவரை மட்டும் குறை சொல்லமுடியாது, எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. விபத்துப் பட்ட மனிசியும் வீட்டுக்கு ஆகாது என்று சாத்திரி சொன்னதாகச் சொல்லி விவாகரத்துக் கேட்டார். கார் போன மாதமே நகுலேஸ்வரியும் போனாள். அடுத்த வருடம் டயனா என்றொருத்தியைக் கட்டினார். டயனாவின் பெயரைக் கேட்டாலே நகுலேஸ்வரிக்கு வாய் கசக்கும்.

அதன்பிறகு கோயிலுக்குப் போனாலும் மீன்கடைக்குப் போனாலும் ஒரே பார்வை. பாவம், தன்ர பிழையால தானே கெட்டவள் என்கிற பார்வை. உண்மையைச் சொன்னால் "ஓம் பிள்ளை, ஓம்" என்று தலையாட்டுவார்கள். அந்த நம்பாத தலையாட்டல்தான் அவளைச் சுட்டது. ஊருக்கு முன்னால், அந்த மனிதருடைய வாயாலேயே, யார் ஓட்டியது என்பது வரவேண்டும். வேறொன்றும் வேண்டாம் என்று அவள் நினைத்தாள்.

வழி கிடைத்தது ஒரு வீடியோவில். பழைய மாணவர் சங்கம் ஒவ்வொரு கோடையிலும் மோர்டனில் விளையாட்டு விழா வைக்கும். இளம் பெடியளின் மோட்டார் சைக்கிள் ஊர்வலத்தோடுதான் விழா தொடங்கும். வருகிற பைக்குகளில் எது நல்லதோ அதில் ஏறியிருந்து படம் எடுக்காவிட்டால் தலைவர் ஜீவரத்தினத்துக்கு அன்றிரவு நித்திரை வராது. வீடியோவில் அவர் சங்கத்துக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஒரு பைக்கில் இருந்து பல்லைக் காட்டினார். நகுலேஸ்வரி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அவரை ஏற்றுவதற்கு ஒரு வண்டி செய்யவேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தாள்.

பார்க்கிங் ரயில் பாலத்தின் வளைவுக்குள் சிவானந்தனுடைய கராஜ் இருந்தது. அவன் ஜெர்மனியில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். மோட்டார் சைக்கிளின் முன்பாதியையும் காரின் பின்பாதியையும் ஒட்டவைத்து மூன்று சில்லு வண்டி செய்கிற பைத்தியத்தை அங்கே பழகியிருந்தான். ட்ரைக் என்பார்கள். முன்னால் ஒரு சில்லு, கைப்பிடி. பின்னால் இரண்டு சில்லு, அவற்றுக்கு நடுவில் கார் எஞ்சின். சந்தியில் நிற்கும்போது கால் ஊன்றத் தேவையில்லை. அவளுடைய பழைய கார் லைசென்சே அதற்குப் போதும் என்று அவன் சொன்னதும், அவள் விபத்துக்குக் கிடைத்த நட்டஈட்டுக் காசை அதில் போடத் தயாரானாள்.

"எல்லாம் செய்யலாம் அக்கா. முதல்ல எஞ்சினை முடிவெடுங்கோ. அதுக்குப் பிறகுதான் நான் இரும்பை வெட்டலாம்" என்றான் சிவானந்தன்.

அவனுக்கு ஒரே ஒரு தெய்வம்தான், பழைய பீட்டில் காரின் எஞ்சின். காற்றிலேயே குளிரும், தண்ணீர் வேண்டாம், ரேடியேட்டர் வேண்டாம், வயர்ச் சிக்கல் இல்லை, பாரமும் குறைவு. கியர்ப்பெட்டியும் அதோடேயே வரும். "ஜெர்மனியில நான் செய்தது முழுக்க இதுதான். நாலு ஆணியைக் கழட்டினால் எஞ்சின் கையில" என்று அவன் சத்தியம் பண்ணாத குறை. ஆனால் அதற்குக் கிளட்ச் இடது காலில். கையால் அழுத்துகிற மாதிரி மாற்றித் தருவதாக அவன் சொன்னான். ஒவ்வொரு கியருக்கும் ஒரு கையை எடுத்துக்கொண்டு லண்டன் ட்ரஃபிக்கில் எப்படி ஓட்டுவது என்று அவள் கேட்டாள். சின்னதாய் ஒரு ரிலையன்ட் எஞ்சினைக் காட்டினான், அவளுக்கு அதன் சத்தம் பிடிக்கவில்லை. எட்டு சிலிண்டர் ரோவர் ஒன்று மூலையில் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆசை வந்தது. "அக்கா, உதைப் போட்டால் முன் சில்லு நிலத்தில நிக்காது. நீங்கள் மோர்டனுக்குப் பறந்துதான் போவியள்" என்று அவன் தடுத்தான்.

கந்தோரிலும் இதே பேச்சு. தஞ்சாவூர்க்காரர் சுந்தரராஜன் சத்தமே போடாத தன் பிரியஸ் காரைவிட உலகத்தில் வேறு வாகனம் இல்லை என்று நம்புகிறவர். "அக்கா, பிரியஸ் எஞ்சின் போடுங்க. நான் சொல்றேன், வர்றதே தெரியாது."

"வாறது தெரியாட்டி எனக்கென்னத்துக்கு அண்ணை அந்த வண்டி?" என்றாள் நகுலேஸ்வரி. குரல் இறங்கியிருந்தது. சுந்தரராஜன் சாவியை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார்.

அன்று பின்னேரம் அவள் போனில் ஒரு கார் நம்பரைத் தட்டினாள். அது அவளுடைய பழைய வழக்கம். நம்பரைத் தட்டினால் அந்தக் கார் வருடாந்தப் பரிசோதனையில் பாஸா பெயிலா என்று அரசாங்கத்து இணையத்தளம் சொல்லும். மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பதுபோல அவள் அந்த வெள்ளி ஹொண்டாவின் பலனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தன் காலை எடுத்துக்கொண்டு அது எங்கேயோ சுகமாக ஓடித்திரிகிறது என்று நினைத்தால் நெஞ்சு எரியும். ஆனாலும் பார்ப்பாள். இந்த முறை பெயில். அடித்தகடு துருப்பிடித்துவிட்டது, ஓட்டக்கூடாது என்று இருந்தது. எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

அவளுக்குள் சட்டென்று ஒன்று பொருந்தியது. ஹொண்டா ஓட்டோமெற்றிக். கிளட்சே இல்லை. எஞ்சின் முன்சில்லுகளைச் சுற்றுகிற கார் என்பதால் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே கட்டியாக வரும், அப்படியே தூக்கிப் பின் சில்லுகளுக்கு நடுவில் வைக்கலாம். ஒரு காலோடு ஓட்டுகிறவளுக்கு அதைவிடத் தோதான எஞ்சின் வேறெது? அது ஜீவரத்தினத்தின் எஞ்சின் என்பது அதற்கு மேலே கிடைத்த சீனி. இத்தனை வருடம் வயிற்றுக்குள் கிடந்த கோபத்துக்கு ஒரு உடம்பு கிடைத்தது போலிருந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாச் சாரதிகளுக்கும் நம்பரைக் கொடுத்தாள். "ஆராவது கண்டால் உடன எனக்குச் சொல்லுங்கோ." லண்டனில் மினிகாப் சாரதியின் கண்ணுக்குத் தப்பும் கார் இல்லை. சுந்தரராஜன்தான் கண்டுபிடித்தார். அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில், சில்லில் காற்றில்லாமல் நின்றது. பழைய இரும்புக்குக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்த சொந்தக்காரர், வாங்க ஒரு பெண் தேடி வந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். மாற்றிப் போட்டிருந்த இடது கதவின் வெள்ளி நிறம் மற்றக் கதவுகளோடு சேரவில்லை. நகுலேஸ்வரி அந்தப் பக்கம் போகவில்லை. வலது பக்கத்தால் போய், கையை உள்ளே விட்டு, சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே பிடித்தது. பழைய சத்தம் அப்படியே இருந்தது. அவள் கையை எடுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கார் கராஜுக்கு வந்ததும் சிவானந்தனுக்கு விஷயத்தைச் சொன்னாள். அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அக்கா, குறை நினைக்காதைங்கோ. ரத்தம் பார்த்த எஞ்சின். நான் தொடமாட்டன். எனக்கும் பிள்ளையள் இருக்குது."

"நானும் ரத்தம் பார்த்தனான்தான் தம்பி" என்றாள் அவள், மிக மெல்ல. "இவ்வளவு நாளும் எனக்குத் தேத்தண்ணி தந்தனி. நான் போன பிறகு அந்தக் கோப்பையை என்ன செய்தனி, எறிஞ்சனியோ?"

சிவானந்தன் முகம் கறுத்துப் போனது. பிறகு கிரீன் ஸ்ட்ரீட்டுக்கு ஆளனுப்பி ஒரு நீத்துப்பூசணிக்காய் எடுப்பித்தான். அதன் நடுவில் குங்குமத்தைக் கொட்டி, காரை மூன்றுமுறை சுற்றி, கராஜ் வாசலில் போட்டு உடைத்தான். "இது உங்களுக்கில்லை அக்கா, எனக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினான்.

வேலை லேசில் முடியவில்லை. பீட்டில் எஞ்சினை வேண்டாமென்றதற்கு அவன் ஒவ்வொரு நாளும் பழி வாங்கினான். எஞ்சின் பாரம் என்று முனகினான், ரேடியேட்டருக்கு இடமில்லை என்று முனகினான். சாவியையும் எஞ்சினின் கம்ப்யூட்டரையும் வயரோடு பிடுங்கித் திரும்பப் பொருத்திய கிழமை அவன் யாரோடும் கதைக்கவில்லை. முன்பக்கம் எழும்பாமலிருக்கச் சட்டத்தை நீட்டி வெட்டி ஒட்டினான். பழைய சுசுகி ஒன்றின் முன் சில்லும் கைப்பிடியும் வந்து சேர்ந்தன. அரசாங்கப் பரிசோதனைக்கு இரண்டுதரம் போகவேண்டியிருந்தது. ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கமாட்டாளா என்று அவள் காத்திருந்தாள். ஓட்டக் கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை தேம்ஸ் பக்கத்து வெறும் ரோட்டில் வேகத்தைக் கூட்டியபோது, காற்று முகத்தில் அடித்து, அவள் ஏனென்று தெரியாமல் அழுதாள். சந்தோஷம் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவள் சந்தோஷத்துக்காக அந்த வண்டியைச் செய்யவில்லை.

விழா நாளில் மைதானம் நிறையச் சனம். பைக்குகள் வரிசையாக உள்ளே வந்தன, கடைசியில் ட்ரைக். கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட், தோல் ஜாக்கெட், கையுறை. ஓட்டுவது யாரென்று யாருக்கும் தெரியாது. பின்னால் தன் வான் வண்டியில் வந்த சிவானந்தன் இறங்கி, "எங்கட கராஜ் வண்டிதான்" என்று வந்தவர்களுக்குப் பதில் சொன்னான். ஜீவரத்தினம் தூரத்தில் கண்டதுமே டையைச் சரிசெய்துகொண்டு வந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது, மற்றபடி ஆள் செழிப்பாக இருந்தார். சேலை உடுத்தி, சங்கத்துச் சின்னம் குத்தியிருந்த டயனா அவருக்கு ஓரடி பின்னால் வந்தாள். நகுலேஸ்வரி இறங்கி ஒதுங்கி நின்றாள்.

"ஏறலாமோ தம்பி?" என்று ஜீவரத்தினம் சிவானந்தனைக் கேட்டார், பதில் வருமுன்னரே ஏறிவிட்டார். கைப்பிடியைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்தினார். போன்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "நல்ல எஞ்சின். சத்தத்தைக் கேளுங்கோ, தையல் மிஷின் மாதிரி. என்ன எஞ்சின் இது?"

நகுலேஸ்வரி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் அந்த ஹொண்டாவின் நம்பரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

ஜீவரத்தினம் நெருப்பில் இருந்தவர் மாதிரி எழும்பினார். சப்பாத்து எங்கோ கொழுவி, புல்லில் முழங்காலில் விழுந்தார். கைகளைக் கோட்டில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். "அதை இஞ்ச ஏன் கொண்டு வந்தனி? அது ரத்தம் பார்த்தது!" என்று கத்தினார். சனம் கூடிவிட்டது. யாரோ ஒருவர், "உது அவ ஓட்டி அடிபட்ட கார் எல்லோ?" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

இந்தக் கணத்துக்காக அவள் எத்தனையோ பேச்சு தயார் பண்ணி வைத்திருந்தாள். ஒன்றையும் எடுக்கவில்லை. சாரதிகளோடு பல வருடம் மாரடித்தவளுக்கு ஒன்று தெரியும். ஒரு சாரதியைக் கள்ளன் என்று சொல், பொறுப்பான். குடிகாரன் என்று சொல், சிரிப்பான். அவனுக்கு ஓட்டத் தெரியாது என்று மட்டும் சொல்லிப் பார், உயிரே போனாலும் விடமாட்டான்.

கட்டிய நாளிலிருந்து 'நீங்கள்' என்று கூப்பிட்டுப் பழகிய மனிதரை அவள் ஒரு படி இறக்கி 'நீர்' என்றாள்.

"நீர் பிரேக் அடிக்கேல்லை" என்றாள், மற்றவர்கள் காதைக் கொடுத்துக் கேட்கிற அளவுக்கு மெல்லிய குரலில். "சும்மா பாத்துக்கொண்டு இருந்தனீர். பிரேக் எங்க இருக்கெண்டும் உமக்குத் தெரியேல்லை."

"அடிச்சனான்!" ஜீவரத்தினம் முழங்காலில் இருந்தபடியே கத்தினார். "அம்மாளாச்சி அறிய அடிச்சனான். சிவப்பைக் கண்ட உடன அடிச்சனான். இன்னொருத்தன் எண்டால் ரெண்டு பேரும் செத்திருப்பம்!"

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். போன்கள் எல்லாம் இன்னும் அவர் பக்கமே இருந்தன, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தான் என்ன சொன்னேன் என்பது அவருக்கே மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அவர் எழும்பி அந்த முகத்தைப் பார்த்தார், இந்த முகத்தைப் பார்த்தார். ஒருவரும் தலையாட்டவில்லை. நகுலேஸ்வரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரக்கம் வருமோ என்று தனக்குள் தேடிப் பார்த்தாள், ஒரு துளியும் வரவில்லை. அது வராததில் அவளுக்கு வெட்கமும் இல்லை.

டயனா முன்னால் வந்தாள். சின்னத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

"நீங்கள் ஓட்டித்தான் இப்பிடி நடந்தது, பொம்பிளையள் ஓட்டினால் இதுதான் கதி எண்டு சொல்லிச் சொல்லியே இவர் என்னை ஒரு லைசென்ஸ் எடுக்க விடேல்லை, அக்கா" என்றாள். "பஸ்ஸுக்குக் காசு கேட்டுத்தான் நான் எங்கயும் போறது." பிறகு ட்ரைக்கின் பின் இருக்கையைக் காட்டினாள். "பின்னால இருக்க ஏலுமோ? ஸ்டேஷனில விட்டால் காணும்."

இது நகுலேஸ்வரியின் கணக்கில் இல்லாத ஒன்று. அவளுடைய பழியில் டயனாவுக்கும் ஒரு பங்கு இருந்தது. "உன்னை நான் மன்னிச்சிட்டன் எண்டு நினையாதை" என்றாள்.

"நினைக்கேல்லை அக்கா. எனக்கும் உங்களோட கதைக்க ஒண்டுமில்லை."

சிவானந்தன் வான் வண்டியிலிருந்து இன்னொரு ஹெல்மெட்டை எடுத்துவந்து நீட்டினான். டயனா சேலையை ஒதுக்கிக்கொண்டு பின் இருக்கையில் ஏறினாள். "டயனா! இறங்கு! அதில ஏறாதை!" என்று ஜீவரத்தினம் வந்தார். ஆனால் வண்டிக்குக் கைநீட்டும் தூரத்தில் அப்படியே நின்றுவிட்டார், அதைத் தொடும் துணிவு அவருக்கு வரவில்லை.

நேரே வாசலுக்குப் போயிருக்கலாம். நகுலேஸ்வரி போகவில்லை. கூடாரத்தின் கடைசியில் கொத்துரொட்டி அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்க்கும்படி, மெதுவாக, மைதானத்தை ஒருமுறை முழுக்கச் சுற்றினாள். வாசல் பக்கம் திருப்பியபோது அவள் தோளில் ஒரு கை தட்டியது.

"இன்னொருக்கா சுத்துங்கோ அக்கா" என்றாள் டயனா.